ஆறுக்கு எட்டு

மிதுனா ஒரு மணிக்கு வருவாள். இப்போது மணி பத்தேகால். கோகிலவாணி சமையலறை நடுவில் நின்றாள். நடு என்று தனியாக ஒன்று அங்கே கிடையாது. ஆறடிக்கு எட்டடி, நின்ற இடத்திலிருந்தே ஒரு கையால் அடுப்பு மேடையையும் மறு கையால் எதிர்ச்சுவரையும் தொட்டுவிடலாம். குடிவந்த அன்றைக்கே அப்படித் தொட்டுப் பார்த்துவிட்டு, போதும், ஒருத்திக்கு இது போதும் என்று சொல்லிக்கொண்டாள், அந்த ஒருத்தி என்கிற சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது, இன்னும் இறங்கவில்லை. கணபதி ஏரியாவில் வரிசையாக ஐந்து வீடுகள் உள்ள ஒரு லைனில் கடைசி வீடு. ஓர் அறை, அதை ஒட்டி இந்தச் சமையலறை, குளியலறை வெளியே, எல்லோருக்கும் பொது. வந்து ஆறு வாரமாகியும் சாமான்களை அட்டைப்பெட்டியை விட்டு வெளியே எடுக்கவில்லை. மிளகாய்த்தூள் வேண்டுமென்றால் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவுவாள், கைக்கு உப்பு அகப்பட்டால் சரி இன்றைக்குக் கஞ்சி என்று விட்டுவிடுவாள். எடுத்து அடுக்கிவிட்டால் இதுதான் என் வீடு என்று ஆகிவிடும், சுந்தராபுரத்து வீடு போனது போனதுதான் என்று ஆகிவிடும், அதனால் அடுக்காமலே இருந்தாள். போன மாதம் கோர்ட்டில் ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்கள், “பொண்ணு வந்தா உக்காந்து சாப்பிட வீட்ல வசதி இருக்காம்மா?” அவள் யோசிக்கவே இல்லை. “இருக்குங்க” என்றாள். அதுவரை கோர்ட்டிலேயே ஓர் அறையில், கால் உடைந்த பிளாஸ்டிக் குதிரையும் பக்கம் கிழிந்த படப்புத்தகங்களும் கிடக்கிற அறையில்தான் மகளைப் பார்த்தாள், கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஒரு அம்மா உட்கார்ந்து கவனித்துக்கொண்டே இருப்பார்கள். இந்த இரண்டாம் சனிக்கிழமைதான் முதல் தடவையாக வீட்டுக்கு. ஒன்றிலிருந்து நாலு வரை. அது எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு, இரவு தங்க விடலாமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம் என்று கோர்ட் உத்தரவில் எழுதியிருந்தது. எப்படிப் போகிறது என்று யார் பார்ப்பார்கள்? எதைப் பார்ப்பார்கள்? அவள் சுவரைப் பார்த்தாள். ஓதத்தின் ஈரக்கறை இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது.

சுவருக்கு ஒட்டுத்தாள் வாங்கி வைத்திருந்தாள். டவுன்ஹால் பக்கம் பிளாட்பாரத்தில் சுருள் சுருளாக நிறுத்தி வைத்திருப்பார்கள், டைல்ஸ் மாதிரியே இருக்கும், பின்பக்கத் தாளை உரித்து ஒட்ட வேண்டியதுதான். கடைக்காரர் திராட்சைக் கொத்து போட்ட ஒன்றை முதலில் விரித்துக் காட்டினார், இதுதான் எல்லாரும் வாங்கறாங்க என்றார், அவள் “திராட்சை வேண்டாம்” என்று சொன்ன வேகத்தைப் பார்த்து அவர் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பூப் போட்டது, கட்டம் போட்டது எல்லாம் வேண்டாம் என்று தள்ளினாள். எண்ண முடிகிற எதுவும் வேண்டாம். கடைசியில் நீலமும் வெள்ளையுமாகப் புகை ஓடுவது போல ஒன்று கிடைத்தது, அதில் ஆரம்பமும் இல்லை முடிவும் இல்லை. அதைத்தான் இப்போது மேல் ஓரத்தில் பிடித்து, இடது கையால் தாளை உரிக்க உரிக்க, வலது கையால் எவர்சில்வர் ஸ்கேலை வைத்து அழுத்திக்கொண்டே இறங்கினாள். இந்த வேலை அவளுக்குத் தெரியும். பம்ப் கம்பெனியில் அவளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலைதான். ஒரு நாளைக்கு முந்நூறு மோட்டார், ஒவ்வொன்றின் வயிற்றிலும் கோணாமல், காற்று புகாமல். சூப்பர்வைசர் அவள் ஒட்டியதைக் காட்டித்தான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருவார். ஆனால் இரும்பு வேறு, ஓதம் பிடித்த சுவர் வேறு. நடுவில் ஒரு கொப்புளம் எழுந்தது. ஸ்கேலால் கீழே தள்ளினாள், கீழே போய் நின்றது. பக்கத்தில் தள்ளினாள், பக்கத்துக்குப் போயிற்று. அது போகவே போகாது, இடம்தான் மாறும். மாத்திரை கொடுக்கிற டாக்டரம்மாவிடம் ஒருநாள் இதே மாதிரிதான் சொன்னாள், நெஞ்சில் இருந்தது இப்போது வயிற்றில் இருக்கிறதுங்க என்று, அவர்கள் எழுதிக்கொண்டார்கள். எழுதிக்கொண்டதை நினைத்ததும் பயம் வந்தது. அந்தச் சீட்டையெல்லாம் புருஷன் லோகநாதனின் வக்கீல் கேட்டு வாங்க முடியுமா? முடியும் போல. முடியாது போல. ஊசி எடுத்துக் கொப்புளத்தைக் குத்தி அழுத்தினாள். அமுங்கியது. ஊசித் துளையிலிருந்து பழுப்பாக ஒரு சொட்டு ஈரம் எட்டிப் பார்த்தது, அதைப் புறங்கையால் துடைத்தாள், மறுபடி எட்டிப் பார்த்தது, துடைத்தாள்.

வீட்டுக்கார அக்கா சாவித்திரி முன்வீட்டிலிருந்து வந்து வாசலில் நின்றதை அவள் கவனிக்கவில்லை. “பதினொன்னரைக்குத் தண்ணி நின்னுருமுங், புடிக்கறதெல்லாம் புடிச்சு வெச்சுக்கங்க” என்ற குரல் கேட்டுத்தான் திரும்பினாள். அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, சுவரை மேலும் கீழும் பார்த்தாள். “ஆணி கீணி அடிச்சுப்போடாதீங்க கண்ணு. போன தடவை இருந்தவன் சல்லடையாட்டம் பண்ணிப்போட்டான்.” “இல்லீங்கக்கா, எல்லாம் ஒட்டறதுதான்” என்று கோகிலவாணி அவசரமாகக் காட்டினாள், சுவரில் ஒட்டும் கொக்கிகள், ஜன்னல் கம்பியில் மாட்டிய எஸ் கொக்கியில் கரண்டிகள், எதை எடுத்தாலும் முப்பது ரூபாய் கடையில் வாங்கிய கூடைகள், சிங்குக்கு அடியில் தெரியும் பாசி பிடித்த பைப்பை மறைக்க அவளுடைய பழைய நீலப் புடவையைக் கிழித்து நாடா கோர்த்த திரை. காட்டக் காட்ட அவளுக்கே அது எல்லாம் ஏதோ பள்ளிக்கூடக் கண்காட்சி போலப் பட்டது. “யாரோ வராங்களா?” என்றாள் அக்கா. “என்ற பொண்ணுங்க.” “அட, உனக்குப் பொண்ணிருக்குதா? எங்கிருக்கறா?” “அவங்கப்பாகூட.” அக்கா வாசல் நிலையில் கையை ஊன்றி நின்றாள். அந்த நிற்றல் கோகிலவாணிக்குத் தெரியும். எல்லோருமே அந்த இடத்தில் நிற்பார்கள், நின்று கணக்குப் போடுவார்கள். புருஷனை விட்டு வந்தவள் என்றால் சரி, பெற்ற பெண்ணை விட்டு வந்தவள் என்றால்? “பொட்டப்புள்ளய தாயிதானே வெச்சுக்கோணும்” என்றாள் அக்கா, குற்றம் சொல்லும் குரலில் அல்ல, ஊருக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லும் குரலில். “ஆமாங்க” என்றாள் கோகிலவாணி. வேறென்ன சொல்ல? என்னிடம் விட மாட்டேன் என்கிறார்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதைச் சொன்னால் இந்த வீடும் போய்விடும். அடுப்பு உள்ள வீட்டை அவளுக்கு யார் வாடகைக்குக் கொடுப்பார்கள்? அக்கா போன பிறகு குடங்களை நிறைத்தாள். குழாய் இருமியது, நின்றது.

பாட்டில்கள் பதினொன்று. கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களிடம் கேட்டு வாங்கிய காலி ஹார்லிக்ஸ் பாட்டில்கள், வெந்நீரில் ஊறவைத்து மேல் தாளைச் சுரண்டி எடுத்து, மூடிகளுக்கெல்லாம் ஒரே நீலத்தில் பெயின்ட் அடித்து நேற்றே காய வைத்திருந்தாள். நீலம் மிதுனாவுக்குப் பிடிக்கும். போன வருஷம் பிடித்தது. பதினொரு வயதுக்கு ஒரு வருஷம் என்பது எவ்வளவு நீளம் என்று யோசித்து, யோசிக்காமல் விட்டுவிட்டு, துவரம்பருப்பைக் கொட்டினாள். எது எங்கே என்பதில்தான் தடுமாற்றம். கை, கேட்காமலே இடது பக்கம் போனது, உப்பு அங்கேதான் என்று. அங்கே சுவர்தான் இருந்தது. பதிமூன்று வருஷம் அந்தச் சமையலறையில் உப்பு இடது பக்கம், புளி அதற்குப் பின்னால், கரண்டு போன இருட்டிலும் தாளித்து இறக்கியவள். கைக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. தலை மூன்று முறை சொல்லிவிட்டது, கோர்ட்டு காகிதம் போட்டுச் சொல்லிவிட்டது, கை மட்டும் சுந்தராபுரத்திலேயே சமைத்துக்கொண்டிருக்கிறது. சரி, இங்கேயும் இடது பக்கமே வைக்கலாம் என்று உப்பு பாட்டிலை ஜன்னல் விளிம்பில் வைத்தாள், மழை பெய்தால் நனையும் என்று எடுத்தாள், வலது பக்கம் வைத்தாள், அங்கே அடுப்பின் சூடு படும், எடுத்தாள். உப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள்? உடனே திடுக்கிட்டுக் குனிந்து சிலிண்டரைப் பார்த்தாள். ரெகுலேட்டர் மூடியிருந்தது. மூடியிருப்பதைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்தாள். மூடியிருந்ததா, நான் இப்போது தொட்டதில் திறந்துவிட்டதா என்று மறுபடி குனிந்தாள். மூடியிருந்தது. மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். ரப்பர் வாசனை. வெறும் ரப்பர்.

போன ஆடி மாதம், ஒரு புதன்கிழமை, சுந்தராபுரத்தில். அது வரைக்கும் தெளிவாக இருக்கிறது. பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். குமிழைத் திருப்பினாள். லைட்டர் கையில் இருந்தது. எதிரே சுவரில் திராட்சைக் கொத்து போட்ட டைல்ஸ், அதில் எத்தனை திராட்சை என்று எண்ணினாள், பதினேழா பதினெட்டா, இலைக்கு அடியில் பாதி தெரிகிறதே அதைச் சேர்ப்பதா வேண்டாமா, மறுபடி முதலிலிருந்து. அதற்கு முந்தின மாதங்கள் எல்லாமே அப்படித்தான் இருந்தன, இரண்டாவது குழந்தை ஐந்தாம் மாதத்தில் இல்லையென்று ஆன பிறகு, துணி மடிக்கப் போனால் ஒரு துணியோடு பொழுது போய்விடும், யாரும் அதை வியாதி என்று சொல்லவில்லை, சோம்பேறித்தனம் என்று சொன்னார்கள், அவளும் அப்படித்தான் நினைத்தாள். மிதுனா பள்ளிக்கூடம் போகவில்லை அன்று, காய்ச்சல், உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அது தெரியுமா அவளுக்கு, அந்த நேரத்தில்? தெரியும், காலையில் இவள்தானே மருந்து கொடுத்தாள். ஆனால் எண்ணிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் தெரிந்ததா? எதையோ எடுக்க லோகநாதன் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்தவன் கேஸ் நாற்றத்தில் கத்தினான், ஜன்னலையெல்லாம் அடித்துத் திறந்தான், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினான், ஓடுகிறவன் தோள்மேலே இருந்து மிதுனா இவளைப் பார்த்தாள், காய்ச்சல் கண்ணோடு, ஒன்றும் புரியாமல். அப்புறம் அவன் திரும்பி வந்து கேட்டான். “மறந்துட்டயா, இல்ல…” அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. அவனுடைய வக்கீல் முடித்தார், ஆங்கிலத்தில், இரண்டு வரியில். அவளுடைய வக்கீல் அதைத் தமிழில் படித்துச் சொல்லிவிட்டு, “மறந்துட்டேன்னு சொல்லுங்க போதும்மா, அசதியில மறந்துட்டேன்னு” என்றார். அப்படியே சொன்னாள். சொல்லும்போது நாக்கு திக்கியது. ஏனென்றால் அவளுக்குத் தெரியாது. அண்ணன் வீட்டில் ஆறு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அவள் தோண்டிப் பார்த்தது அதைத்தான், மறந்தேனா, விட்டுவிட்டேனா. தோண்டினால் திராட்சைதான் வருகிறது. அதற்கு அடியில் ஒன்றுமே இல்லை, ஒரு நினைப்பும் இல்லை, சாகலாம் என்றும் இல்லை, பால் காய்ச்ச வேண்டும் என்றும் இல்லை. ஒன்றுமே இல்லாததைப் பற்றி எப்படிச் சத்தியம் பண்ணுவது? கொலைகாரிக்குக்கூட நான் செய்தேன் என்று தெரியும், நிரபராதிக்கு நான் செய்யவில்லை என்று தெரியும். இவளுக்கு இரண்டும் இல்லை. உப்பு பாட்டில் இன்னும் கையில் இருந்தது. அதை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, மணி பார்த்தாள். பதினொன்று ஐம்பது. ஐயோ.

தக்காளிச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தாள். அடுப்பைப் பற்ற வைக்கும்போது எப்போதும்போல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள், டாக்டரம்மா சொல்லித் தந்தது, லைட்டர், அப்புறம் குமிழ், தீ வந்துருச்சு. தீ வந்துருச்சு. நீலமாகச் சுற்றிலும் பல் வைத்த மாதிரித் தீ. அதன் முன்னால் நிற்கிறபோது மட்டும் அவளுக்கு ஒரு நிம்மதி, எரிகிறதே, கண்ணுக்குத் தெரிகிறதே. குக்கர் மூன்று விசில். மேடையில் இடமில்லாததால் காய் நறுக்கிய பலகையைச் சிங்கின் மேல் குறுக்காக வைத்து அதன்மேல் வறுவல் சட்டியை இறக்கினாள், இந்த யோசனை அவளுடையதே, இதை மிதுனாவுக்குக் காட்ட வேண்டும், பார்த்தயா, இடமில்லாத இடத்தில் ஒரு இடம் என்று. காட்டினால் சிரிப்பாளா? பழைய மிதுனா சிரிப்பாள். மேடைக்கு எதிர்ப்புறம், இருவர் உட்கார முடியாது என்றாலும் ஒருவர் உட்காரலாம் என்று, மடக்கு நாற்காலி ஒன்றைப் போட்டாள். சுவரில் ஒரு பலகையைக் கீல் வைத்து மடக்கி விரிக்கிற மேசையாக்க ஆசைதான், ஆனால் ஆணி. அதனால் அட்டைப்பெட்டிகளிலேயே கனமான ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே செங்கல் வைத்து, மீதி இருந்த ஒட்டுத்தாளை அதன்மேல் சுற்றியிருந்தாள். தட்டு வைத்தால் ஆடவில்லை. கண்ணாடிக் குவளையில் மணிபிளான்ட் ஒரு கொடி. ஜன்னலில் சின்ன மணி. எல்லாம் முடிந்து ஈரத்துணியால் தரையைத் துடைத்து நிமிர்ந்தபோது பன்னிரண்டு ஐம்பது, வாசல்படியில் நின்று, முதல்முதலாக வருகிறவள் கண்ணால் உள்ளே பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது. அழகாக, நீலமாக, ஓர் அம்மா இங்கே இருக்கிறாள் என்று நம்பும்படியாக இருந்தது. கிழித்த புடவைக்குப் பின்னால் பாசி, ஒட்டுத்தாளுக்குப் பின்னால் ஓதம், பெயின்ட் அடித்த மூடிக்குள் ரேஷன் பருப்பு, எல்லாவற்றுக்கும் முன்னால் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு இவள். எவ்வளவு மறைத்தாலும் பிள்ளை அன்றைக்குத் தோள்மேலே இருந்து பார்த்தாளே, அதை எந்தத் தாளால் மூடுவது?

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. லோகநாதன் கேட்டுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்தினான், இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல், அவளைப் பார்க்காமல், லைனில் உள்ள ஐந்து வீட்டையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, “நாலு மணிக்கு வரேன். கரெக்டா இருக்கணும்” என்றான், யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை, இருவரும் தலையாட்டினார்கள். மிதுனா வளர்ந்திருந்தாள். மாதா மாதம் பார்த்தும் இந்த வெளிச்சத்தில்தான் தெரிந்தது, தோள் வரைக்கும் வந்துவிட்டாள், யாரோ முடியை இழுத்து ஒற்றைச் சடையாகப் பின்னிவிட்டிருந்தார்கள், காதோரம் முடி இழுபட்டுச் சிவந்திருந்தது. “வா சாமி, வா” என்று கையைப் பிடித்தாள். கை அவள் கைக்குள் பேசாமல் இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள் பெண், வீட்டில் வீசியெறிகிறவள். “எங்க உக்காரட்டுங்கம்மா?” அதைக் கேட்டதும் கோகிலவாணி ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். உக்காரட்டுங்கம்மா. அவளை மிதுனா நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவாள், கோபம் வந்தால் போடி என்றும் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வாள். மரியாதை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். யாராவது பார்த்தால் நல்ல வளர்ப்பு என்றுதான் சொல்வார்கள். “எங்க வேணா உக்காரு, உன்ற வீடுதானே” என்றாள், சொன்னதும் அந்தப் பொய் ஆறடிக்கு எட்டடிக்குள் அங்குமிங்கும் முட்டிக்கொண்டு நின்றது.

பிள்ளை மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கோகிலவாணி எதிரே நின்றாள், நிற்கத்தான் இடம் இருந்தது. “காரமா?” “இல்லீங்க, நல்லாருக்குங்கம்மா.” “இன்னுங் கொஞ்சம் வறுவல்?” “போதுங்கம்மா.” “உனக்கு முறுகலாத்தானே புடிக்கும்?” “இப்ப எண்ணெய் ஐட்டம் சாப்பிடறதில்லீங்க. அத்தை வேண்டாம்னாங்க. ஆனா இது நல்லாருக்குது.” அத்தை என்றால் லோகநாதனின் தங்கை. வீட்டோடு வந்து இருக்கிறாள் போல. அந்தச் சமையலறையில் இப்போது உப்பு எந்தப் பக்கம்? கேட்க வாயெடுத்து, விழுங்கினாள். பிள்ளை ஒவ்வொரு கவளத்துக்கும் நடுவில் கண்ணை மெதுவாக நகர்த்தி நகர்த்தி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் தட்டு, கூடைகள், திரை, அடுப்பு, அடுப்புக்குக் கீழே. பார்க்கிறாளே, பிடித்திருக்கிறது போல என்று கோகிலவாணிக்குள் ஏதோ ஒன்று எழுந்தது, வேண்டாம் வேண்டாம் என்று அதை அமுக்கினாள், அமுங்கவில்லை, “இதெல்லாம் அம்மாவே பண்ணினது” என்று சொல்லிவிட்டாள், பலகையைச் சிங்க் மேல் வைத்துக் காட்டினாள், பாட்டில் மூடிகளைக் காட்டினாள், ஜன்னல் மணியைத் தட்டிக் காட்டினாள், பேச்சு வேகமாகிக்கொண்டே போனது, நிறுத்த வேண்டும் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. மிதுனா ஒவ்வொன்றுக்கும் “ம், சூப்பருங்கம்மா” என்றாள். சாப்பிட்டு முடித்துத் தட்டைத் தானே கழுவினாள். கழுவிய தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இதை எங்கீங்கம்மா வெக்கறது?” என்று கேட்டாள்.

பிறகு அறையில் பாயில் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டாள், பதில் வந்தது. அரைப் பரீட்சை மார்க் கேட்டாள், வந்தது. கேள்விகள் தீர்ந்துபோயின. மூன்று மணி நேரம் போதவே போதாது என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டரைக்கே பேச ஒன்றும் இல்லை. பிள்ளையின் தலையை மடியில் இழுத்து அந்த இறுகின சடையை அவிழ்த்துப் பின்னிவிட வேண்டும் என்று கை துடித்தது. அவிழ்த்தால் திரும்பிப் போனதும் யார் அவிழ்த்தது என்று கேட்பார்கள். கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். மிதுனா பையிலிருந்து ஒரு போனை எடுத்தாள், லோகநாதனின் பழைய போன், மூலையில் கீறல் விழுந்தது. அதைக் கையில் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தவள், “அம்மா, உங்க கிச்சனை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?” என்றாள். கோகிலவாணிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இத்தனை நேரம் பிடித்திருக்கிறது என்பதைக் காட்டத் தெரியாமல் இருந்திருக்கிறது, அவ்வளவுதான், வெட்கம், வேறொன்றுமில்லை. “எடு சாமி, எடு! யாருக்குக் காட்டப் போற? உன்ற ஃப்ரெண்டுகளுக்கா?” மிதுனா போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “அப்பா எடுத்துட்டு வரச் சொன்னாங்க. வக்கீல் மாமா கேட்டாங்களாமா. மூலையெல்லாம் தெரியற மாதிரி, சிலிண்டர் எங்க இருக்குதுன்னு தெரியற மாதிரி எடுக்கோணும்னாங்க.”

வெளியே யாரோ பொதுக் குளியலறைக் கதவைச் சாத்தினார்கள். கோகிலவாணி சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். படத்தில் ஓதம் கசிந்த பழுப்பு வரும். பாசி வரும், திரையை விலக்கச் சொல்லியிருந்தால். ஒரே நாற்காலி வரும். சிலிண்டருக்கும் அடுப்புக்கும் நடுவில் இரண்டடிகூட இல்லை என்பது வரும், காற்றுப் போக இருப்பது ஒரே ஒரு ஜன்னல் என்பது வரும். ஆறடிக்கு எட்டடி என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள், இந்த இடத்திலா, இந்த மனநிலையில் உள்ளவளிடமா ஒரு குழந்தையை இரவில் விடுவது என்று எழுதுவார்கள், அவர்கள் எழுதுவதில் தப்பு என்ன இருக்கிறது, நானே ஜட்ஜாக இருந்தால் விடுவேனா? அந்தக் கேள்வி வந்ததும் உள்ளே எல்லாம் ஓய்ந்துபோயிற்று. வேண்டாம் என்று சொல்லலாம். எடுக்கக் கூடாது என்று சொல்ல இவளுக்கு உரிமை உண்டு, வக்கீலுக்குப் போன் பண்ணினால் அப்படித்தான் சொல்லுவார். அவள் மகளைப் பார்த்தாள். மிதுனா கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள், இரண்டாம் வகுப்பில் கணக்கு நோட்டைத் தொலைத்துவிட்டு வந்த அன்றைக்குக் கடித்துக்கொண்டு நின்ற மாதிரி. “எடுக்காம போனா…” என்று ஆரம்பித்து அவளும் முடிக்கவில்லை. திட்டுவார்களா? அடிக்க மாட்டான், லோகநாதன் கை நீட்டுகிறவன் இல்லை. பேச மாட்டான். ஒரு நாள், இரண்டு நாள், பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடுவான். அது என்னவென்று கோகிலவாணிக்குத் தெரியும். அதற்குள் ஒரு பதினொரு வயதுப் பிள்ளையை அனுப்ப முடியாது.

“எடுத்துக்க கண்ணு. அதுக்கென்ன” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது, அதை நினைத்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. எழுந்து போய்ச் சமையலறையில் மடக்கு நாற்காலியை மடக்கி ஓரமாகச் சாய்த்தாள், மறைக்காமல் இருக்கட்டும் என்று. மிதுனா போனைத் தூக்கிப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பினாள். “முழுசும் வரமாட்டேங்குதுங்கம்மா.” “பின்னால போய் நின்னுக்க. வாசப்படிகிட்ட நில்லு. போனைக் குறுக்க புடி, படுக்கப் போட்டாப்பல, அப்பத்தான் மூலை வரும்.” மிதுனா போனைப் படுக்கவைத்தாள். “இன்னுங் கொஞ்சம் கீழ. சிலிண்டர் வரோணும்ல.” இவள் உள்ளேயே நின்றால் படத்தில் விழுந்தாள், ஓரத்துக்கு ஒதுங்கினாலும் முந்தானை விழுந்தது. “நீங்க வெளிய நிக்கறீங்களாம்மா? கிச்சன் மட்டும் போதும்னாங்க.” பிள்ளையை உரசாமல் வளைந்து தாண்டி, அறையைக் கடந்து, வெளி நடையில் போய் நின்றாள். மூன்று மணி வெயில் நடையில் முழுசாக அடித்தது, சமையலறை ஜன்னல் வழியே உள்ளேயும் ஒரு கீற்று விழுந்தது. உள்ளே டிக் என்று ஒரு சத்தம். இன்னொன்று. “லைட்டைப் போட்டுக்க சாமி, இருட்டா விழுந்தா மறுக்கா எடுக்கச் சொல்லுவாங்க” என்று வெளியிலிருந்தே சொன்னாள். சுவிட்சு தட்டும் சத்தம் கேட்டது. டிக்.

“அம்மா, கொஞ்சம் நகருங்க. உங்க நிழல் விழுது.”

கோகிலவாணி இரண்டடி தள்ளி, நாலாம் வீட்டுச் சுவரோடு சேர்ந்து நின்றாள். “இப்ப?”

“ம். இப்ப இல்லீங்க.”